நியூட்ரான் அதிகமுள்ள அணுக்கரு ஏன் பீட்டா சிதைவு அடைகிறது? பரீட்சையைத் தாண்டி இதனால் யாருக்கு என்ன பயன்?

கேள்வியின் இரண்டாவது பாதிக்காகத்தான் எழுதுகிறேன். பிளஸ் டூ படிக்கிறீர்கள், சமன்பாட்டை உருப்போட்டு அலுத்துப்போய்க் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்கள் அம்மாவுக்குப் பயன்பட்டது.

அம்மாவுக்குத் தைராய்டு அளவுமீறிச் சுரந்தது. உடம்பு இளைத்து, கை நடுங்கி, படபடப்பில் தூக்கம் போனது. மாத்திரைக்குக் கட்டுப்படவில்லை. கதிரியக்க அயோடின் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் வீடே பயந்தது. இயற்பியல் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால், உட்கார்ந்து விளக்கினேன்.

உப்பில் நாம் சாப்பிடும் அயோடின்-127இல் 53 புரோட்டான், 74 நியூட்ரான். அயோடின்-131இல் நியூட்ரான் 78. அணுக்கருவுக்குள் இந்த இரு வகைக்கும் தனித்தனி ஆற்றல் படிகள் உண்டு. கீழ்ப்படிகள் நிரம்பிவிட்டால் கூடுதல் நியூட்ரான்கள் மேல்படிக்குத்தான் போக வேண்டும். புரோட்டான் பக்கம் அதைவிடத் தாழ்ந்த படி காலியாக இருக்கும்போது, ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறினால் மொத்த ஆற்றல் குறையும். மிச்சம் எலக்ட்ரானோடும் எதிர்நியூட்ரினோ என்ற மின்னூட்டமில்லாத மிகச் சிறு துகளோடும் வெளியேறும். இதுதான் பீட்டா சிதைவு. அந்த எலக்ட்ரான் முன்பே உள்ளே இருந்ததல்ல, அந்தக் கணத்தில் பிறப்பது. அயோடின் நிலையான செனான்-131 ஆகிவிடும். நியூட்ரானுக்கும் உள்ளே நடப்பதை விளக்கும் குவார்க், டபிள்யூ போசான் போன்ற துகள்கள் எல்லாம் எங்கே என்று சிலர் கேட்பார்கள். தெரிந்தேதான் விட்டேன். இந்தக் கேள்விக்கு இது போதும்.

தைராய்டுக்கு 127, 131 என்ற பேதம் தெரியாது, இரண்டையும் இழுத்துக்கொள்ளும். எலக்ட்ரான் திசுவில் சுமார் 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. அதனால் அடி பெரும்பாலும் சுரப்பிக்குள்ளேயே விழுகிறது. கூடவே வரும் காமா கதிர்தான் உடம்பைத் தாண்டி வரும். குழந்தைகளிடமிருந்து சில நாள் தள்ளி இருக்கச் சொல்வது அதனால்தான். அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 8 நாள். 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது.

இந்த மருந்து பிறப்பதும் பீட்டா சிதைவால்தான். மும்பை டிராம்பேயில் அணு உலைக்குள் டெலுரியம் என்ற தனிமத்தை வைப்பார்கள். டெலுரியம்-130 ஒரு நியூட்ரானை வாங்கி 131 ஆகும். அதுவும் நியூட்ரான் மிகுந்தது, சிதைந்து அயோடின்-131 ஆகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆனால் கீழ்வீட்டு ஓனருக்கு 'கதிரியக்கம்' என்ற சொல்லே போதுமாக இருந்தது. காலி செய்யச் சொன்னார். சரி, போனோம்.

அம்மா இப்போது நலம். சுரப்பி அடங்கிவிட்டதால் அது சுரக்க வேண்டிய தைராக்சின் ஹார்மோனுக்குப் பதிலாக தினமும் ஒரு மாத்திரை மட்டும். (இது மருத்துவ ஆலோசனை அல்ல, உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.)

அப்புறம், பரீட்சையில் எதிர்நியூட்ரினோவை விட்டுவிடாதீர்கள். வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றல் ஒரே அளவாக இல்லாததால்தான் 1930இல் இயற்பியலாளர் பவுலி இன்னொரு துகள் இருக்க வேண்டும் என்றார். 1956இல் கோவனும் ரைன்ஸும் அதைக் கண்டுபிடித்தார்கள். அதை எழுதாவிட்டால் சமன்பாடு தப்பு.