நாலு பாட்டிலும் ஒரே ருசியா?

கேள்வி: டாலஸில் இருக்கிறேன். நண்பர்கள் நாலு பேர் வரும் சனிக்கிழமை வீட்டில் கூடி அமெரிக்க விஸ்கிகளை ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறோம். பஃபலோ ட்ரேஸ், மேக்கர்ஸ் மார்க், வைல்ட் டர்க்கி 101, ஜாக் டேனியல்ஸ் வாங்கியாயிற்று. தனியாக ஒருமுறை ருசித்தேன். நாலும் எனக்கு ஒன்றுதான்: முதலில் எரிச்சல், பிறகு கேரமல். ‘உன் நாக்கு செத்துப்போச்சுடா’ என்கிறார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வெல்லர் என்ற விஸ்கி பாட்டிலை 180 டாலருக்குத் தருகிறாராம். அதை வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

பதில்: நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த 180 டாலர் இப்போதைக்கு உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

நாலு பாட்டிலின் லேபிளையும் பாருங்கள். ஜாக் டேனியல்ஸில் ஆல்கஹால் 40 சதவீதம். பஃபலோ ட்ரேஸ், மேக்கர்ஸ் மார்க் இரண்டும் 45. வைல்ட் டர்க்கி 50.5, பெயரில் இருக்கும் 101 ப்ரூஃப் கணக்கு, பாதியாக்கினால் சதவீதம். இவற்றை வரிசையாக ராவாக அடித்தால் நீங்கள் ஒப்பிடுவது எரிச்சலைத்தான். இரண்டாவது கிளாஸிலேயே நாக்கு மரத்துவிடும், மூன்றாவது நாலாவதைப் பற்றி நீங்கள் சொல்வதெல்லாம் ஊகம்.

குழந்தைக்கு மருந்து ஊட்டுகிற ஊசியில்லாத சிரிஞ்சு வீட்டில் இருக்கும். ஒவ்வொரு கிளாஸிலும் 15 மில்லி ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஜாக் டேனியல்ஸை அப்படியே விடுங்கள். பஃபலோ ட்ரேஸுக்கும் மேக்கர்ஸ் மார்க்குக்கும் 2 மில்லி தண்ணீர், வைல்ட் டர்க்கிக்கு 4 மில்லி. நாலும் கிட்டத்தட்ட 40-க்கு வந்துவிடும். ஐஸ் போடாதீர்கள், குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காமல் வாயை லேசாகத் திறந்துகொண்டு மோந்து பாருங்கள். மிக்சரும் சில்லி சிக்கனும் கடைசி கிளாஸ் முடிந்த பிறகு வரட்டும். மிளகாயின் எரிச்சலைச் சொல்கிற அதே நரம்புதான் ஆல்கஹாலின் எரிச்சலையும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அது வேறெதையும் சொல்லாது.

அடுத்தது கேரமல். அது நாலிலும் இருக்கத்தான் செய்யும். ஜாக் டேனியல்ஸ் தவிர மற்ற மூன்றும் பர்பன் என்ற விஸ்கி வகை. அப்படிப் பெயர் போட வேண்டுமானால் தானியத்தில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும், நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. அமெரிக்கச் சட்டம் அது. ஜாக் டேனியல்ஸ் லேபிளில் டென்னஸி விஸ்கி என்று இருந்தாலும் பீப்பாய் விஷயத்தில் அதே கதைதான். கருகிய புது மரம் தருகிற வெனிலாவும் கேரமலும் நாலுக்கும் பொது. அதைக் கழித்துவிட்டு மிச்சம் என்ன என்று பாருங்கள். ஜாக் டேனியல்ஸில் பலருக்கு வாழைப்பழ வாசனை சட்டென்று வரும்; பீப்பாய்க்குப் போகும் முன் மேப்பிள் கரி வழியாக அதை வடிக்கிறார்கள். மேக்கர்ஸ் மார்க்கில் ரை என்ற தானியத்துக்குப் பதில் கோதுமை, அதனால் காரம் குறைந்து ரொட்டி மாதிரி ஒரு மென்மை இருக்கும். பஃபலோ ட்ரேஸிலும் வைல்ட் டர்க்கியிலும் ரை உண்டு. மிளகு, கிராம்பு பக்கம் தேடுங்கள்.

கண்டுபிடித்தீர்களா, கண்டுபிடித்த மாதிரி நடிக்கிறீர்களா என்பதற்கு ஒரு சோதனை இருக்கிறது. குடிக்காத ஒருவரை ஊற்றச் சொல்லுங்கள். மூன்று கிளாஸ்; இரண்டில் ஒரே சரக்கு, ஒன்றில் வேறு. கிளாஸின் அடியில் ஸ்டிக்கர். வேறாக இருப்பது எது? மோந்தே சொல்லலாம், விழுங்க வேண்டியதில்லை. ஐந்து தடவையில் நாலு சரி என்றால் வித்தியாசம் உங்களுக்குத் தெரிகிறது. தெரியாவிட்டால் இரண்டில் விலை குறைந்ததை வாங்குங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

இப்போது வெல்லர். அதுவும் பஃபலோ ட்ரேஸ் ஆலையில் வடிக்கிற, கோதுமை சேர்ந்த பர்பன்தான். கோதுமை என்ன செய்யும் என்பதைக் காட்டும் பாட்டில், மேக்கர்ஸ் மார்க், ஏற்கெனவே உங்கள் அலமாரியில் இருக்கிறது. வெல்லரில் சாதாரண வகையின் பரிந்துரை விலை 50 டாலரைத் தொடாது. மீதி எதற்கு? கிடைக்கவில்லை என்பதற்கு. ஏன் கிடைக்கவில்லை? அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-ல் முடிந்தபோது ஆலை, மொத்த விற்பனையாளர், கடை என்று மூன்று அடுக்காக்கினார்கள். ஆலை நேராகக் கடைக்குத் தராது. நடுவில் இருப்பவர் யாருக்கு எத்தனை பாட்டில் என்று முடிவு செய்வார். கடைக்காரர் பெயர் பெற்ற பாட்டிலைப் பின்னறையில் வைத்துக்கொண்டு, ‘அந்த ரம் ரெண்டு எடுத்துக்குங்க, இதைத் தரேன்’ என்பார். தொண்ணூறு வருடமாக இதைச் சீர்செய்ய யாருக்கும் நேரமில்லை.

கடைக்காரராவது உரிமம் வைத்திருக்கிறார். வாட்ஸ்அப் ஆசாமியிடம் அதுவும் இல்லை. பேர்போன விஸ்கிகளின் காலி பாட்டில்கள் இணையத்தில் காசுக்கு விற்கின்றன. காலி பாட்டிலை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நீங்களே யோசியுங்கள். மறுபடி நிரப்பி விற்பது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். ஆனால் நிரப்பியவரை நீங்கள் எங்கே போய்ப் பிடிப்பீர்கள்?

‘கென்டக்கியில் தனியாள் விற்கலாமே’ என்று உங்கள் நண்பர் மடக்குவார், எல்லாரும் மடக்குகிறார்கள். 2018 முதல் நடப்பில் இருக்கும் அந்தச் சட்டத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். தனியாள் விற்கலாம், ஆனால் உரிமம் பெற்ற கடைக்குத்தான். பாட்டில் திறக்காததாக இருக்க வேண்டும். அந்த மாநிலத்து மொத்த விற்பனையாளரிடம் கிடைக்காத சரக்காகவும் இருக்க வேண்டும். பாட்டியின் நிலவறையில் கிடந்த பழைய பாட்டிலுக்காக வந்த சட்டம் அது. டாலஸில் ஒருவர் கார் டிக்கியைத் திறந்து உங்களிடம் நீட்டுவதற்கு அது அனுமதி இல்லை.

செலவு செய்தே ஆக வேண்டும் என்றால் லேபிளில் ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ என்று இருப்பதாக இரண்டு மூன்று வாங்குங்கள். 1897-ல் வந்த சட்டம்: ஒரே ஆலை, ஒரே பருவத்தில் வடித்தது, குறைந்தது நாலு வருடம் ஊறியது, சரியாக 50 சதவீதம். எவன் வில்லியம்ஸில் வெள்ளை லேபிள், ரை விஸ்கி வேண்டுமென்றால் ரிட்டன்ஹவுஸ். எல்லாம் ஒரே வீரியம் என்பதால் சிரிஞ்சு கணக்கே வேண்டாம். எல்லாவற்றிலும் ஒரே அளவு தண்ணீர் விட்டால் போதும்.

வாங்குவதாக இருந்தால் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குள் வாங்கிவிடுங்கள். டெக்ஸஸில் மதுக்கடைக்கு ஞாயிறு விடுமுறை, ஏனென்று என்னைக் கேட்காதீர்கள்.