துனீ ஆடுற சீட்டுக்கட்ட வச்சு டி அண்ட் டி டேபிளுக்கு கார்டு பண்ணலாமா?

கேள்வி: அண்ணா, நான் டர்பன் பக்கம் ஃபீனிக்ஸ்லேர்ந்து எழுதறேன். சனிக்கிழமை ராத்திரி வீட்ல கசின்ஸ் நாலு பேரோட டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ், ஆளுக்கொரு கேரக்டரா கதைக்குள்ள ஆடுற டேபிள் கேம்) ஃபிஃப்த் எடிஷன் நடத்துறேன், நான்தான் டிஎம், அதாவது கதைய நடத்துற ஆள். அதுல ரெண்டு பேரு புதுசு, அவங்க டர்ன் வந்தாலே ரூல் புக்க புரட்டிக்கிட்டே இருக்காங்க, மத்தவங்களுக்கு போரடிச்சுடுது. ரெடிமேட் ஸ்பெல் கார்டு (மந்திரத்துக்கு ஒண்ணா எழுதுன கார்டு) பாக்ஸ் வெளிநாட்டுலேர்ந்து வரணும், ரேண்ட்ல பாத்தா கட்டுப்படியாகல. வீட்ல தாத்தா காலத்துலேர்ந்து துனீ (நம்ம டர்பன் சீட்டாட்டம்) ஆடுன சீட்டுக்கட்டு நிறைய கிடக்கு. அத வச்சு ஏதாச்சும் பண்ண முடியுமா?

பதில்: தாராளமா பண்ணலாம் தம்பி. பாக்ஸ் வாங்க வேண்டாம், ஒரு பேக்கெட் ஸ்லீவும் (கார்டு போடற பிளாஸ்டிக் உறை) கொஞ்சம் பேப்பரும் அந்த பழைய சீட்டுக்கட்டும் போதும். ஆனா எதுக்கு கார்டு வைக்கணும் எதுக்கு வைக்கக் கூடாதுன்னு முதல்ல முடிவு பண்ணிக்கோங்க, ஏன்னா நிறைய டேபிள்ல ஆசை ஆசையா எல்லா ரூலுக்கும் கார்டு அடிச்சு குவிச்சுட்டு, கடைசில புக்க புரட்டுற நேரத்த விட கார்டு தேடுற நேரம் ஜாஸ்தியா போயிடுது.

நான் பாக்குற கணக்கு இதுதான், கதைல அந்த பொருளுக்கு என்ன நடக்குதோ அதே மேசைல அந்த கார்டுக்கும் நடக்கணும். ஒருத்தர் கைலேர்ந்து இன்னொருத்தர் கைக்கு போகணும், இல்ல தீர்ந்து போகணும், இல்ல மறைஞ்சு இருந்து அப்புறம் வெளிய வரணும். இதுல ஒண்ணுமே நடக்காதுன்னா அது கார்டா இருக்க வேண்டியதில்ல, ஒரு ஷீட்ல எழுதி நடுவுல வச்சா போதும். உதாரணத்துக்கு கண்டிஷன் (கேரக்டருக்கு வர்ற நிலைமைங்க) மொத்தம் 15 இருக்கு, ப்ரோன், பாய்சன்ட், ஸ்டன்ட் அப்படின்னு, அதுக்கு ஆளாளுக்கு தனித்தனி கார்டு எதுக்கு, ஒரே ஷீட் போதும்.

ஹீலிங் போஷன (காயம் ஆத்துற மருந்து) எடுத்துக்கோங்க. கார்டுல பேரும் 'ரெண்டு டி4 கூட 2' (ரெண்டு நாலு பக்க டைஸ உருட்டி 2 கூட்டறது) அப்படிங்கறதும் மட்டும் எழுதுனா போதும். சண்டைல ஃபைட்டர் ஜீரோ ஹிட் பாயிண்ட்ல (உயிர் கணக்கு) விழுந்து கிடக்கான், பக்கத்துல உக்காந்திருக்கற பொண்ணு தன் முன்னாடி இருக்கற போஷன் கார்ட எடுத்து மேசை மேலயே தள்ளி அவன் ஷீட் மேல வச்சுட்டு டைஸ உருட்டுது, ஒரு வார்த்தை பேசல, ஆனா என்ன நடந்துச்சுன்னு டேபிள்ல எல்லாருக்கும் தெரியும். உருட்டி முடிச்ச உடனே அந்த கார்டு உங்க கைக்கு வந்துடணும், அத மட்டும் விட்டுடாதீங்க. அப்புறம் 'என்கிட்ட இன்னும் ரெண்டு போஷன் இருந்துச்சே' அப்படிங்கற சண்டையே வராது.

அடையாளம் தெரியாத மேஜிக் ஐட்டத்துக்கு இன்னும் நல்லாருக்கும். ரெண்டு சீட்டு எழுதுங்க. ஒண்ணுல கண்ணுக்கு தெரியறது மட்டும், பச்சைக் கல்லு வச்ச வெள்ளி மோதிரம், உள்பக்கம் தேஞ்சுபோன எழுத்து, அவ்ளோதான். இன்னொண்ணுல அது நிஜமா என்ன பண்ணும்னு முழுசா. முதல் சீட்ட ஸ்லீவ்ல போட்டு அவங்க கைல குடுத்துடுங்க, ரெண்டாவது உங்ககிட்டயே இருக்கட்டும், அது என்னன்னு கண்டுபிடிக்கற ஐடென்டிஃபை ஸ்பெல் போட்டதும் அதே ஸ்லீவுக்குள்ள மாத்தி வைங்க. மோதிரம் அவங்க கைல அதே மோதிரமாவே இருக்கு, ஆனா இப்போ அது என்னன்னு தெரிஞ்சுபோச்சு.

இப்போ உங்க நிஜமான பிரச்சனை, ஸ்பெல். இதுக்கு கண்டிப்பா கார்டு வேணும், புதுசா வர்றவங்களுக்கு அதுமாதிரி ஒரு உதவி வேற கிடையாது. லெவல் ஒண்ணு விசார்டுக்கு (மந்திரவாதி கேரக்டர்) கேன்ட்ரிப் (எத்தன தடவ வேணாலும் போடற சின்ன ஸ்பெல்) 3, ஸ்பெல்புக்ல 6, மொத்தம் 9. ஒரு ஏ4 ஷீட்ல 63க்கு 88 மில்லிமீட்டர் சைஸ்ல சரியா 9 கார்டு வரும், அதனால ஒரு ஆளுக்கு ஒரு ஷீட்டோட வேல முடிஞ்சுடும். ஸ்பெல்லோட முழு பாராவையும் அப்படியே காப்பி பண்ணாதீங்க. மேல பேரு, லெவல், அப்புறம் ஆக்ஷனா போனஸ் ஆக்ஷனா ரியாக்ஷனா, எவ்ளோ தூரம், எவ்ளோ நேரம், எதிரி சேவிங் த்ரோ (தப்பிக்க உருட்டுறது) போடணுமா இல்ல நாம அட்டாக் உருட்டணுமா, கடைசில என்ன ஆகும்னு ரெண்டு வரி. ப்ளெஸ் ஸ்பெல்லுக்கு எழுதணும்னா, ஒரு ஆக்ஷன், 30 அடி, மூணு பேரு வரைக்கும், ஒரு நிமிஷம், கன்சென்ட்ரேஷன் (மனச விடாம வச்சு பிடிச்சுக்கணும்), அட்டாக்கு சேவ் ரெண்டுக்கும் டி4 சேத்துக்கோ, முடிஞ்சுது. ரூல் சம்பந்தப்பட்ட வார்த்தைங்க புக்ல இருக்கற மாதிரியே இருக்கட்டும், நாளைக்கு தேடணும்னா அதான் சுலபம்.

ஸ்பெல்ல எங்கேர்ந்து எடுக்கறதுன்னா, 2023 ஜனவரில எஸ்ஆர்டி 5.1 அப்படிங்கற ரூல் தொகுப்ப கிரியேட்டிவ் காமன்ஸ் லைசென்ஸ்ல வெளிய விட்டுட்டாங்க, இலவசமா இறக்கிக்கலாம், அதுல இருக்கறத காப்பி பண்ணி கார்டு அடிக்க தாராளமா அனுமதி இருக்கு. புக்ல இருக்கற எல்லா ஸ்பெல்லும் அதுல இருக்காது, ஆனா லெவல் ஒண்ணு ரெண்டுக்கு தேவையானது பெரும்பாலும் கிடைச்சுடும்.

இதுல புதுசா ஆடுறவங்க ஒண்ணு பண்ணுவாங்க, கவனிங்க. ஸ்பெல் போட்டதும் கார்ட கவுத்து வச்சுடுவாங்க, தீர்ந்துபோச்சுன்னு. ஃபிஃப்த் எடிஷன்ல ஸ்பெல் தீராது, ஸ்லாட்தான், அதாவது இத்தன தடவ போடலாம்ங்கற கணக்குதான் தீரும். பழைய எடிஷன்ல காலைல மனப்பாடம் பண்ண ஸ்பெல்ல ஒரு தடவ போட்டா போச்சு, அங்க கவுத்து வைக்கறது சரி. இங்க ஸ்லாட்டுக்கு தனியா ஏதாச்சும் வைங்க, பட்டனோ காசோ, லெவல் ஒண்ணு விசார்டுக்கு ரெண்டு போதும், போட்டதும் ஒண்ண எடுத்துடுங்க, ஸ்பெல் கார்டு நிமிந்தே இருக்கட்டும்.

கன்சென்ட்ரேஷனுக்கு ஆளுக்கு ஒரே ஒரு இடம், கேரக்டர் ஷீட்டுக்கு மேல ஒரு கட்டம் போட்டு விட்டுடுங்க. அந்த மாதிரி ஸ்பெல் போட்டா கார்டு அந்த கட்டத்துக்கு வரணும், இன்னொண்ணு போட்டா பழசு வெளிய போகணும், ஒரே சமயத்துல ரெண்டு இருக்க முடியாதுங்கறத நீங்க வாய்விட்டு சொல்லவே வேண்டாம். கட்டத்துக்கு கீழ ஒரு வரி, அடி வாங்குனா கான்ஸ்டிட்யூஷன் (உடம்பு பலம்) சேவ், 10 இல்லன்னா வாங்குன அடில பாதி, எது ஜாஸ்தியோ அது. இந்த ஒரு கட்டம் போட்டாலே உங்க டேபிள்ல பாதி குழப்பம் போயிடும்னு நம்பி சொல்றேன்.

சரி, துனீ கட்டுக்கு வருவோம். நாம ஜாக்கி, 9, ஏஸ், 10, ராஜா, ராணி மட்டும் எடுத்து 24 சீட்டுல ஆடுறோம், 2லேர்ந்து 8 வரைக்கும் இருக்கற 28 சீட்டு ஓரமாவே கிடக்குது. அதனால உங்க வீட்டு கட்ட எடுத்து பாத்தீங்கன்னா ஜாக்கியெல்லாம் மூலை மடங்கி தேஞ்சிருக்கும், மூணு நாலெல்லாம் கடைல வாங்குன மாதிரி மினுமினுன்னு இருக்கும். இந்த ரெண்டையும் கலந்து ஒரு கட்டா வச்சு 'ஒண்ணு எடு'ன்னு நீட்டாதீங்க, முதுகப் பாத்தே கண்டுபிடிச்சுடுவாங்க. தனித்தனியா பிரிச்சு தனித்தனி வேலைக்கு வைங்க.

தேஞ்ச 24 இனிஷியேட்டிவுக்கு, அதாவது சண்டைல யாரு முதல்லங்கற வரிசைக்கு. நிமித்திப் போடறதால முதுகு எப்படி இருந்தாலும் பரவால்ல. சாவேஜ் வேர்ல்ட்ஸ்னு 2003ல வந்த கேம்ல டைஸே கிடையாது இதுக்கு, 54 சீட்டு, ஒவ்வொரு ரவுண்டும் ஆளுக்கு ஒண்ணு போட்டு பெருசு முதல்ல, ஒரே நம்பர் வந்தா இஸ்பேட், ஆட்டின், டைமண்ட், கிளாவர் வரிசை, ஜோக்கர் வந்தவன் எப்போ வேணாலும் இறங்கலாம், உருட்டுறதுக்கும் அடிக்கும் 2 கூடும். டி அண்ட் டில அப்படியே பண்ணாதீங்க, இங்க 'உன் அடுத்த டர்ன் முடியற வரைக்கும்' அப்படின்னு நிறைய ஸ்பெல் இருக்கு, ரவுண்டுக்கு ரவுண்டு வரிசை மாறுனா அந்த கணக்கெல்லாம் உதைக்கும். சண்டை ஆரம்பிக்கும்போது ஒரே தடவ போடுங்க, அந்த சீட்டு சண்டை முடியற வரைக்கும் அவங்க முன்னாடியே இருக்கட்டும். டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) ஜாஸ்தியா இருக்கறவங்களுக்கு ரெண்டு சீட்டு போட்டு நல்லத வச்சுக்க சொல்லுங்க, இல்லன்னா அந்த பாயிண்ட் போட்டதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும். எது பெருசுங்கறதுக்கு துனீ வரிசையே வைங்க, ஜாக்கி மேல, அப்புறம் 9. நம்ம பசங்களுக்கு ராஜா பெருசுன்னு சொன்னா ஏத்துக்கவே மாட்டாங்க.

புதுசா இருக்கற 28 பயணத்துக்கு. ஆட்டின்னா ஆளுங்க, இஸ்பேட்னா சண்டை, டைமண்ட்னா கிடைக்கறது, கிளாவர்னா பாதையும் வானிலையும், நம்பர் பெருசாக ஆக விஷயம் பெருசு. எடுத்த சீட்ட திரும்ப கட்டுல சேக்காதீங்க, இதுதான் முக்கியம். டைஸுக்கு ஞாபகம் கிடையாது, போன தடவ 20 விழுந்தாலும் இந்த தடவயும் 20 விழலாம். சீட்டுக்கு ஞாபகம் உண்டு, போனது போனதுதான். துனீ ஆடி வளந்த பசங்க போன சீட்டெல்லாம் மனசுல எண்ணிக்கிட்டே இருப்பாங்க இல்லையா, அதனால ரெண்டாவது நாள் பயணத்துலயே 'இஸ்பேட் எட்டு இன்னும் வரல'ன்னு யாராச்சும் மெதுவா சொல்லுவாங்க, அந்த பயத்த நீங்க எவ்ளோ வர்ணிச்சாலும் கொண்டு வர முடியாது.

ஒரு புது கட்டு மட்டும் சூப்பர்மார்க்கெட்ல வாங்கி வைங்க, ஜோக்கரோட. கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்ங்கற ரெடிமேட் கதை புக்க நடத்துனா அதுல ஜோசியக்காரி தாரொக்கா சீட்டு போடுவா, அந்த 54 சீட்டுக்கு பதிலா சாதா சீட்டே போதும், ஏஸ்லேர்ந்து 10 வரைக்கும் 40, படச்சீட்டு 12, ஜோக்கர் 2, கணக்கு சரியா வரும், புக்லயே எதுக்கு எதுன்னு குடுத்திருக்கு. டெக் ஆஃப் மெனி திங்ஸ்ங்கற மேஜிக் சீட்டுக்கட்டுக்கும் 2014 டிஎம் கைட்ல சாதா சீட்டோட பட்டியல் போட்டிருக்கு. ஆனா தம்பி, அத புதுசா ஆடுறவங்க டேபிள்ல இப்போதைக்கு வைக்காதீங்க, கிளாவர் ராஜா வந்தா கேரக்டரோட ஆன்மாவே எங்கயோ அடைபட்டுடும், இஸ்பேட் ஏஸ் வந்தா ஆளே காணாம போயிடுவான், ஆசையா உருவாக்குன முதல் கேரக்டர் ஒரு சீட்டுல போனா அந்த கசின் திரும்ப வரவே மாட்டாங்க.

கார்டு அடிக்கற விஷயம். சாதா 80 ஜிஎஸ்எம் பேப்பர்லயே பிரிண்ட் போட்டு வெட்டி ஸ்லீவ்ல போட்டு பின்னாடி ஒரு பழைய துனீ சீட்ட சொருகுங்க, விறைப்பா நிக்கும். சீட்டு ப்ரிட்ஜ் சைஸா இருந்தா 63 மில்லிமீட்டர விட கொஞ்சம் ஒல்லி, பரவால்ல, ஸ்லீவுக்குள்ள போயிடும். இங்க்ஜெட்ல போட்டா டர்பன் டிசம்பர் வேர்வைல மை கலங்கிடும், ஸ்லீவ் இல்லாம கைல குடுக்காதீங்க, முடிஞ்சா கடைல லேசர்ல போட்டுக்கோங்க. ஸ்லீவ் மேட் ஃபினிஷா வாங்குங்க, கரண்ட் போய் ரீசார்ஜபிள் லைட்ட நடுவுல வச்சா பளபள ஸ்லீவ்ல வெளிச்சம் அடிச்சு ஒரு எழுத்து தெரியாது. ஆட்டம் முடிஞ்சதும் ஆளுக்கு ஒரு ஜிப் பை, உள்ள ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம், ஷூ பாக்ஸ்ல வருமே அது. இந்த வாரம் அந்த ரெண்டு பேருக்கு மட்டும் ஆளுக்கு ஒரு ஷீட் அடிங்க, பழைய ரெண்டு பேரு கேட்டா அடுத்த வாரம் பாத்துக்கலாம்.