கால்பந்தில் சக வீரர் தரும் பந்தைக் கோல்கீப்பர் ஏன் கையால் எடுக்கக் கூடாது?

சக வீரர் வேண்டுமென்றே காலால் தட்டித் தரும் பந்துக்கு இந்தத் தடை உண்டு. தலையாலோ மார்பாலோ தந்தால் எடுக்கலாம். விதி வந்தது 1992-இல்.

அதற்கு முந்தைய ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஒரு கோல் முன்னிலை கிடைத்தால் போதும். தடுப்பாட்டக்காரர் பந்தைக் கீப்பரிடம் உருட்டுவார். அவர் சாவகாசமாகக் குனிந்து எடுத்து, இரண்டு முறை தரையில் தட்டி, மறுபடி அவருக்கே உருட்டுவார். கடிகாரம் ஓடும், ஆட்டம் ஓடாது. 1990 உலகக் கோப்பையில் 52 ஆட்டங்களுக்கு 115 கோல்கள்தான். அந்தச் சலிப்புக்கு அப்புறம்தான் விதி மாறியது.

என்னைக் கேட்டால், கீப்பர்கள் காலால் ஆடப் பழகியதே இதனால்தான். ஆரம்பத்தில் பந்து வந்ததும் பதறிப்போய்க் கேலரிக்கு உதைப்பார்கள், சிரிப்பாக இருக்கும்.