மீல் மேக்கர் சாப்பிட்டால் டோப்பிங்கில் மாட்டுவானா?

கேள்வி: தில்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிறோம். என் மகனுக்கு 19 வயது, 400 மீட்டர் ஓடுகிறான். சுத்த சைவம், புரதத்துக்குத் தினமும் மீல் மேக்கர்தான். செயற்கை டெஸ்டோஸ்டிரோனை (தசை வளர்க்கும் ஆண் ஹார்மோன்) மீல் மேக்கர் செய்யும் அதே சோயாவிலிருந்துதான் தயாரிக்கிறார்கள், அதனால் ஊக்கமருந்து டெஸ்டில் மாட்டிக்கொள்வாய் என்று ஜிம்மில் ஒருவர் பயமுறுத்தியிருக்கிறார். அதே ஆள், "உடம்பில் இருக்கிற சரக்குதானே, ஊசி போட்டாலும் கண்டுபிடிக்க முடியாது" என்றும் சொல்கிறாராம். எது உண்மை?

பதில்: இரண்டுமே தவறு. ஆனால் முதலாவதில் பாதி உண்மை ஒளிந்திருக்கிறது, அதனால்தான் விளக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த ஊசி விஷயம். சிறுநீரில் எவ்வளவு டெஸ்டோஸ்டிரோன் இருக்கிறது என்பது குடித்த தண்ணீரைப் பொறுத்தே மாறும். அதனால் ஆய்வகம் அதன் உடன்பிறப்பான எபிடெஸ்டோஸ்டிரோனையும் சேர்த்து அளக்கிறது. பெரும்பாலானோருக்கு இரண்டும் ஏறக்குறைய சமம். வெளியிலிருந்து ஏற்றினால் முதலாவது மட்டும் கூடும். உடம்பு தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்வதால் இரண்டாவது இறங்கும். விகிதம் 4-ஐத் தாண்டினால் சந்தேகம். 2005 வரை இந்த எல்லை 6 ஆக இருந்தது.

சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. சிலருக்குப் பிறவியிலேயே விகிதம் அதிகம். மது குடித்தாலும் தற்காலிகமாக ஏறும். மறுபக்கம், யுஜிடி2பி17 என்ற மரபணு இல்லாதவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் சிறுநீரில் மிகக் குறைவாகவே வரும். ஊசி போட்ட பிறகும் சிலர் 4-க்குள்ளேயே நிற்பார்கள். இதற்காகத்தான் 2014 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடா ஒவ்வொரு வீரரின் அளவுகளையும் தொடர்ந்து பதிந்து, அவரை அவரோடே ஒப்பிடுகிறது. (வாடா, அதன் இந்தியப் பதிப்பான நாடா என்று பெயர் வைத்தவர்களுக்குத் தமிழ் தெரியாது போலும்.)

இனி மீல் மேக்கருக்கு வருவோம். உணவிலும் உடம்பிலும் உள்ள கார்பனில் நிலையான வகை இரண்டு: லேசான 12, சற்றே கனமான 13. நெல், கோதுமை, சோயா போன்ற பயிர்களில் 13 குறைவு. ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டால் ஆயிரத்துக்குச் சுமார் 27 பங்கு கம்மி. சோளம், கம்பு, கரும்புக்கு அந்தக் குறைவு 12 தான். நம் உடம்பு சோறு, சப்பாத்தி, காபிக்குப் போடும் சர்க்கரை எல்லாம் கலந்த கலவை என்பதால் நடுவில் எங்கோ நிற்கும். மருந்து டெஸ்டோஸ்டிரோன் பெரும்பாலும் சோயாவில் உள்ள ஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருளிலிருந்து வருவதால் சோயாவின் முத்திரையைச் சுமந்திருக்கும். ஆய்வகத்தில் டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஸ்டீராய்டைத் தனியே பிரித்து, எரித்து, வரும் கார்பன் டை ஆக்ஸைடில் இந்த இரண்டு வகையின் விகிதத்தை அளப்பார்கள்.

சரி, தினமும் சோயா தின்கிற பையன் கதி? அவன் கார்பனும் கொஞ்சம் அந்தப் பக்கம் சாயும்தான். ஆனால் ஆய்வகம் அவனை ஊரில் உள்ளவர்களோடு ஒப்பிடுவதில்லை. ஊசியால் மாறாத இன்னொரு ஸ்டீராய்டை, பொதுவாகப் பிரெக்னேன்டயோலை, அதே சிறுநீரிலிருந்து எடுத்துப் பார்க்கிறது. சாப்பாடு மாறினால் இரண்டும் சேர்ந்தே சாயும். ஊசி போட்டால் டெஸ்டோஸ்டிரோனும் அதன் சிதைபொருள்களும் மட்டும் சாயும். அந்த இடைவெளி ஆயிரத்துக்கு 3 அளவைத் தாண்டினால்தான் சிக்கல். எனவே மீல் மேக்கர் குழம்பைத் தாராளமாக வையுங்கள்.

ரத்த மாதிரி எடுத்தால் வேலை இன்னும் சுலபம். ஊசி மருந்துகளில் டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் போன்ற எஸ்டர்கள் (அமிலம் சேர்த்த வடிவங்கள்) இருக்கும். உடம்பு இவற்றைத் தானாகச் செய்யாது. ரத்தத்தில் தென்பட்டால் வெளியிலிருந்து வந்தது என்றுதான் பொருள்.

நான் பயப்படுவது டப்பாவில் வரும் புரதப் பவுடரைப் பார்த்துத்தான். லேபிளில் இல்லாத ஸ்டீராய்டு கலந்திருந்தாலும் பொறுப்பு வீரருடையதே. வேண்டுமென்றே எடுத்ததாக முடிவானால் 4 ஆண்டுத் தடை வரை போகும். எதை வாங்கினாலும் பில்லையும் பேட்ச் எண்ணையும் பத்திரப்படுத்துங்கள். மாதிரி கொடுக்கும்போது கடந்த 7 நாட்களில் சாப்பிட்ட மருந்து, சப்ளிமென்ட் எல்லாவற்றையும் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள், இருமல் சிரப் உட்பட. அப்புறம், அந்த ஜிம் ஆள் எதையாவது நீட்டினால் தண்ணீராக இருந்தாலும் வேண்டாம்.