திருமணம் ஆனால் தானாக நின்றுவிடுமா?

கேள்வி: எனக்கு 28 வயது. உட்லண்ட்ஸில் பெற்றோருடன் வசிக்கிறேன். ஓஃபிர் ரோடு லூர்து அன்னை ஆலயத்தில் விரைவில் திருமணம். தேசிய சேவையில் இருந்தபோது தொற்றிய ஆபாசப் படப் பழக்கம் இன்னும் விடவில்லை. யாருக்கும் கெடுதல் செய்யவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் நற்கருணை வாங்கப் போகக் கால் கூசுகிறது. திருமணம் ஆனால் தானாக நின்றுவிடுமா? நான் மணக்கப்போகும் பெண்ணிடம் சொல்ல வேண்டுமா?
– பெயர் வேண்டாம்

பதில்: அன்புத் தம்பி,

தானாக நிற்காது. அந்த நம்பிக்கையில் தாலி கட்டியவர்களின் மனைவிமார் எனக்கு எழுதுகிறார்கள். தன் உடம்பில் என்ன குறை என்று கண்ணாடி முன் நின்று தேடும் வேதனை அந்தக் கடிதங்களில் இருக்கிறது.

யாருக்கும் கெடுதல் இல்லை என்கிறீர்கள். திரையில் இருக்கும் பெண்ணைக் கணக்கில் சேர்த்தீர்களா? அவள் பெயர் உங்களுக்குத் தெரியாது. விரும்பி வந்தாளா, கடனுக்காக வந்தாளா, படம் எடுப்பதே தெரியாமல் சிக்கினாளா என்றும் தெரியாது. 2019இல் இங்கே சிங்கப்பூரிலேயே, பெண்களின் அந்தரங்கப் படங்கள் பரப்பப்பட்ட ஒரு டெலிகிராம் குழு தொடர்பாகச் சிலர் கைதானது நினைவிருக்கும். எம்ஆர்டி ரயிலில் உங்கள் எதிரே உட்கார்ந்து வேலைக்குப் போகிறவளாகவும் அவள் இருக்கலாம். நடிப்பவர், விற்பவர், பார்ப்பவர் எல்லாருடைய மாண்பும் இதில் கடுமையாகக் காயப்படுகிறது என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2354ஆம் பத்தியில் சொல்கிறது. பார்க்கும் நீங்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறீர்கள், தம்பி.

உடம்பே அசிங்கம் என்பதால் திருச்சபை தடுக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீடுகளில் அப்படித்தான் வளர்த்தோம். டிவியில் முத்தக் காட்சி வந்தால் ரிமோட்டைத் தேடுவோம், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசமாட்டோம். பிள்ளைகள் கைப்பேசியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். வேதம் சொல்வது வேறு. ஆதாமும் ஏவாளும் ஆடையின்றி இருந்தும் வெட்கப்படவில்லை என்கிறது தொடக்கநூல். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979 முதல் 1984 வரை ஆற்றிய புதன்கிழமை உரைகளில் அந்த வரியை விரிவாகத் தியானித்தார். அங்கே ஒருவர் உடலை மற்றவர் பார்க்கும்போது முழு ஆளையும் பார்த்தார், பயன்படுத்திக்கொள்ளப் பார்க்கவில்லை. கணவனும் மனைவியும் தங்களையே ஒருவருக்கொருவர் கொடுப்பது உடல் வழியாகத்தான். படமோ ஆளை விட்டுவிட்டு உடலை மட்டும் எடுத்துக்கொள்கிறது. "உங்கள் உடல் தூய ஆவி தங்கும் கோவில்" என்று பவுல் எழுதியதும் சாமியார்களுக்கு அல்ல. விலைமாதரிடம் போவதைப் பெரிதாக நினைக்காத கொரிந்து துறைமுக நகரத்தாருக்கு.

கால் கூசுவது நல்லதுதான், மனசாட்சி விழித்திருக்கிறது. ஆனால் அந்தக் கூச்சத்தோடு பின் வரிசையிலேயே நின்றுவிடாதீர்கள். குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போங்கள். பங்குச்சாமி அப்பாவுக்குப் பழக்கமானவர் என்று தயங்கினால் நோவினா ஆலயத்துக்குப் போகலாம். எங்கே போனாலும் குருவானவர் கேட்டதை வெளியே சொல்ல முடியாது. மறுபடி விழுந்தால் மறுபடி போங்கள். ஊறிப்போன பழக்கம் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்பதை மறைக்கல்வியே, சுய இன்பம் பற்றிய 2352ஆம் பத்தியில், ஒப்புக்கொள்கிறது. இரவில் கைப்பேசியை ஹாலில் சார்ஜ் போடுங்கள். அப்படியும் முடியவில்லை என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள், அதில் வெட்கமில்லை.

அவளிடம் சொல்லத்தான் வேண்டும், அழைப்பிதழ் அச்சடிக்கும் முன்பே. என்ன பார்த்தீர்கள் என்ற விவரம் வேண்டாம். அது அவள் மனதில் படமாகத் தங்கிவிடும். எவ்வளவு காலமாக, இப்போது எந்த நிலை, விடுவதற்கு என்ன செய்கிறீர்கள் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள். அவள் அழலாம், கோபப்படலாம், யோசிக்க நாள் கேட்கலாம். கேட்டால் கொடுங்கள். பதில் சொல்லச் சொல்லி வாட்ஸப்பில் நச்சரிக்காதீர்கள்.