“தங்கச்சி நார்மலா?”

கேள்வி: என் தங்கைக்கு 33 வயது. வங்கியில் வேலை. எட்டு வரன் பார்த்தோம், எதற்கும் சம்மதிக்கவில்லை. கல்யாணமே வேண்டாம் என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தனியாக சினிமாவுக்குப் போகிறாள், தனியாகவே ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். விசேஷ வீடுகளுக்கு வருவதில்லை. கேட்டால் ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று சிரிக்கிறாள். ‘பொண்ணு நார்மலா?’ என்று பெரியப்பாவே கேட்டுவிட்டார். இந்தக் கவலையில் அம்மா ஆறு மாதமாகச் சரியாகத் தூங்குவதில்லை, சாப்பாடும் இறங்குவதில்லை. தைராய்டு டெஸ்ட் என்று சொல்லி, தங்கையை மனநல மருத்துவரிடம் கூட்டிப் போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கரூர்

பதில்: கூட்டிப் போகாதீர்கள். பொய் சொல்லிக் கூட்டிப் போவது பற்றி யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இங்கே சுருக்கித் தந்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் பெரியப்பா பேசுகிறார், எதிர்வீட்டு அம்மா பேசுகிறார், தரகர் பேசுகிறார், உங்கள் மாமனார் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று நீங்கள் பேசுகிறீர்கள். உங்கள் தங்கை பேசுவது ஒரே ஒரு வாக்கியம்: ‘நான் நல்லாத்தான் இருக்கேன்.’ அவரைப் பற்றிய விஷயத்தில் அவர் சொன்னதை மட்டும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

வேலைக்கு ஒழுங்காகப் போகிறார். சம்பளத்தில் பாதியை வீட்டுக்குத் தருகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் ஆபரேஷனுக்கு லீவு போட்டுக் கூடவே இருந்தவரும் அவர்தான். இதில் எது நோய்? தனியாக உட்கார்ந்து தோசை சாப்பிட்டதா?

நார்மல் என்ற சொல்லை நாம் தினமும் நூறு முறை சொல்கிறோம். அதன் வேர் ‘நோர்மா’ என்ற லத்தீன் சொல். தச்சர் கையில் வைத்திருக்கும் மூலைமட்டம் என்று அதற்குப் பொருள். பலகை சதுரமாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவி. பலகைக்கு அது சரி. மனிதர்மேல் அதை வைத்துப் பார்க்கிற பழக்கம் 19-ஆம் நூற்றாண்டில்தான் வலுத்தது. பெல்ஜியத்தின் அடோல்ஃப் கெத்தலே வானியலாளர், கணக்கில் புலி. ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் 5,738 பேரின் மார்பளவை எடுத்து வைத்துக்கொண்டு சராசரி பார்த்தார். ஏறக்குறைய 40 அங்குலம் வந்தது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்தச் சராசரி மனிதன்தான் இயற்கை உத்தேசித்த சரியான மனிதன், மற்றவர்கள் எல்லாம் அதிலிருந்து பிசகியவர்கள் என்ற முடிவுக்கும் போனார். பெரும்பாலோர் இப்படி இருக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு. எல்லோரும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது கட்டளை. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவியதுதான் கோளாறு. உங்கள் பெரியப்பா இன்றைக்குக் கேட்கிற கேள்வியும் அந்தத் தாவலில் பிறந்ததுதான்.

மருத்துவர்களும் இதற்கு விலக்கில்லை. 1851-இல் அமெரிக்காவின் லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற டாக்டர் புதிதாக ஒரு நோயைக் ‘கண்டுபிடித்தார்’. பெயர் டிராப்டோமேனியா. அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்கள் எஜமானனிடமிருந்து தப்பி ஓடுவதுதான் நோயின் அறிகுறி! அது வராமல் தடுக்க அவர் சொன்ன வழிகளில் சாட்டையடியும் ஒன்று. அடிமைத்தனம் இயல்பு என்று ஆகிவிட்ட ஊரில், விடுதலை கேட்பவன் நோயாளி. சோவியத் நாட்டில் அரசை எதிர்த்துப் பேசியவர்களுக்கு ‘மந்தமான மனச்சிதைவு’ என்று சீட்டு எழுதி மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள். ஓரினச்சேர்க்கையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல்தான் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் நீக்க 1990 ஆனது. அதுவரை மின் அதிர்ச்சியும் வாந்தி மருந்தும் கொடுத்து ‘குணப்படுத்த’ முயன்றார்கள். அந்த மனிதர்கள் பட்டதை யார் திருப்பித் தர முடியும்?

உங்கள் தங்கையைப் பற்றி எதையும் ஊகித்துக்கொண்டு இதைச் சொல்லவில்லை. அவர் ஏன் கல்யாணம் வேண்டாம் என்கிறார் என்பது எனக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. இயல்பு என்ற பெயரில் ஒருவரை மருத்துவமனை வாசலுக்கு இழுத்துப் போனவர்கள் முன்பும் இருந்தார்கள், நல்ல எண்ணத்தோடுதான் இழுத்துப் போனார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊரில் இதற்கு நோயின் பெயர்கூடத் தேவையில்லை. ‘ஒரு மாதிரி’ என்ற இரண்டு சொல் போதும். எங்கள் அத்தை ஒருவர் கல்யாணம் செய்துகொள்ளாமலே இருந்தார். பள்ளிக்கூட டீச்சர். எனக்குப் பத்து வயது இருக்கும், சித்தி கல்யாணத்தில் மாப்பிள்ளையை வரவேற்க ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு அத்தை நடந்து வந்தார். வாசலில் நின்ற ஒரு பெரியம்மா, ‘நீ ஏன்டி சிரமப்படுற, கொடு’ என்று சிரித்துக்கொண்டே தட்டை வாங்கி, பக்கத்தில் நின்ற இன்னொருத்தியின் கையில் கொடுத்தார். கூடத்தில் ஒரு குரல் உயரவில்லை. அத்தையின் கட்டைவிரலில் மட்டும் ஆரத்தித் தண்ணீரின் சிவப்பு ஒட்டியிருந்தது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விசேஷம் எதற்கும் அவர் வரவில்லை. வராததையும் சேர்த்து, ‘பாத்தியா, அவ ஒரு மாதிரிதான்’ என்றார்கள். உங்கள் தங்கை விசேஷ வீட்டுக்கு வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கே அவரிடம் என்ன கேட்கிறார்கள் என்று ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று கவனித்தீர்களா?

மனிதரை மணக்க மாட்டேன் என்ற ஆண்டாளை மார்கழி முழுக்க விடியற்காலையில் பாடுகிற ஊர் இது. பேய் உருவம் வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையாரைச் சிவன் கோயிலில் நாயன்மார்களோடு வைத்துக் கும்பிடுகிறோம். அந்த மரியாதையில் கொஞ்சத்தை வீட்டிலிருக்கும் பெண்ணுக்கும் கொடுக்கலாம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மூன்றாம் பிரிவைப் பாருங்கள். ஒருவருக்கு மனநோய் இருக்கிறதா என்பதை ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படிதான் முடிவு செய்ய வேண்டும். அவர் வாழும் சமூகத்தின் ஒழுக்கம், பண்பாடு, மத நம்பிக்கை ஆகியவற்றோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. பெரியப்பா மூலைமட்டத்தோடு வருவார் என்று தெரிந்தே எழுதியது போல இருக்கிறது.

2021-இல் இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வது பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்தபோது, நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முதலில் தாமே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து பேசினார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, கற்றுக்கொண்டு, பிறகுதான் உத்தரவு எழுதினார். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு அந்தப் பொறுமை இருந்தது. ஓர் அண்ணனுக்கும் இருக்கலாம்.

மனநல மருத்துவரிடம் போவது தப்பு என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், பிடித்த வேலையில்கூட மனம் ஒட்டாமல், வாரக்கணக்கில் ஒருவர் தவித்தால் கட்டாயம் போக வேண்டும். அது தவிப்பவருக்கான உதவி. சுற்றியிருப்பவர்களின் கூச்சத்தைத் தீர்த்துவைக்க அங்கே மருந்து இல்லை.

அப்புறம், இன்னொன்று. நான் இப்போது எழுதிய அறிகுறிகளை உங்கள் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு மாதமாகத் தூங்காதவர், சாப்பாடு இறங்காதவர் உங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார். அது உங்கள் அம்மா. அவரைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டு, சிரித்துக்கொண்டிருப்பவருக்கு வைத்தியம் தேடுகிறீர்கள். முதலில் அம்மாவை மருத்துவரிடம் காட்டுங்கள். உடனே முடியாவிட்டால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அது ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவி எண். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். தங்கையையும் துணைக்குக் கூப்பிடுங்கள், அப்பாவைப் பார்த்துக்கொண்டவர் அம்மாவையும் பார்த்துக்கொள்வார். எங்கே போகிறோம், எதற்காகப் போகிறோம் என்பதை மட்டும் புறப்படும் முன்பே அம்மாவிடம் உள்ளபடி சொல்லிவிடுங்கள்.