மதநம்பிக்கை ஊறிய நம் நாட்டில், மதம் சாராத மனிதநேயம் பற்றி ஒரு சுயாதீனப் படம் எடுக்க நிதி திரட்ட முடியுமா?

முடியும். நாங்கள் திரட்டினோம், படத்தையும் முடித்தோம். மதச் சடங்கு எதுவும் இல்லாமல் கல்யாணம் செய்து, பிள்ளை வளர்த்து, வீட்டில் சாவு விழுந்தாலும் அப்படியே நிற்கிற தமிழ்நாட்டுக் குடும்பங்களைப் பற்றிய ஆவணப்படம் அது. செலவு பத்து லட்சத்துக்குள் அடங்கியது. அதில் ஒரு ரூபாய்கூட வெளிநாட்டுப் பணம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்படிப் படம் எடுக்கிறவனைப் பார்த்தால் முதலில் வரும் கேள்வி, 'எந்த நாட்டுக் காசு?' என்பதுதான். நாலு வருஷம் உழைத்தவனிடம் அப்படிக் கேட்டால் எவ்வளவு வலிக்கும் என்று கேட்கிறவர்களுக்குத் தெரிவதில்லை.

உங்கள் நிலைமையை நீங்கள் விவரமாகச் சொல்லவில்லை. முதல் படம், கையில் ஒரு கேமரா, கூட இரண்டு நண்பர்கள், வீட்டில் 'உனக்கு வேற கதையே கிடைக்கலையா' என்ற பேச்சு. இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

'பெரியார் மண்ணில் இதற்கா பணம் கிடைக்காது?' என்று கீழே யாராவது எழுத வருவார்கள். அவர்கள் ஒரு சினிமா அலுவலகத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். பூஜை போடாமல் படம் தொடங்காத தொழில் இது. ராகு காலம் பார்த்து முதல் ஷாட், முடிந்ததும் பூசணிக்காய். அதைக் குறை சொல்ல மாட்டேன். கோடிக்கணக்கில் போட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக் காட்சிக்குக் காத்திருப்பவருக்கு ஏதோ ஒரு பிடிமானம் வேண்டியிருக்கிறது. ஆனால் அங்கிருந்து நமக்குப் பணம் வராது. நான் பார்த்த பைனான்சியர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். 'நல்ல விஷயம்தான் தம்பி, நமக்கு எதுக்கு வம்பு' என்று காபி கொடுத்து அனுப்பினார்கள்.

பகுத்தறிவு மேடைகளில் பேசுகிற ஒருவர் பெரிய தொகை தருவதாகச் சொன்னார். கோயில் திருவிழாவில் அலகு குத்துகிறவர்களைக் கேலி செய்து ஒரு பகுதி இருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை. வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். வெயிலில் தீச்சட்டி ஏந்தி நடக்கிற அம்மாவைக் கேலி செய்துவிட்டு அதற்கு மனிதநேயம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இதற்காக என்னைச் 'சமரசவாதி' என்று திட்டியவர்கள் உண்டு. திட்டட்டும். 1967இல் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தந்த மாநிலம் இது. அதன்படி ஐயர் இல்லாமல், அக்னி இல்லாமல், மாலை மாற்றிக் கல்யாணம் செய்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் வீட்டுக்குள் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதுதான் என் படம். அதற்குக் கேலி தேவைப்படவில்லை.

சரி, பணம் எங்கிருந்து வந்தது? தஞ்சாவூர்ப் பக்கம் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். நெற்றியில் எப்போதும் திருநீறு, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில். அவர் கணவர் கடவுள் மறுப்பாளர். இறந்தால் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார். ஆனால் எழுதிவைத்தால் மட்டும் போதாது. குடும்பம் சம்மதித்துக் கொண்டுபோய் ஒப்படைத்தால்தான் உடற்கூறியல் துறையில் வாங்கிக்கொள்வார்கள். இறந்த அன்று வாசலில் உறவுக்காரர்கள் நின்று பெரிய சண்டை. கொள்ளி வைக்காமல் எப்படி அனுப்புவது, மகன் இருக்கும்போது அவர் என்ன அநாதையா என்று ஒரே கூச்சல். அந்த அம்மா யாருக்கும் பதில் சொல்லவில்லை. மகனைக் கூப்பிட்டு, 'அப்பா எழுதுனதை நான் மாத்த மாட்டேன், வண்டிக்குச் சொல்லு' என்றார். அதன் பிறகு அண்ணன் தம்பி வீடுகளில் அவரை விசேஷத்துக்குக் கூப்பிடுவதில்லை. இன்றும் அப்படித்தான்.

அவர் 5,000 ரூபாய் தந்தார். 'சாமி இல்லைன்னு சொல்றதுக்கு நான் காசு தரலை தம்பி. இப்படி ஒரு மனுஷன் யாருக்கும் கெடுதல் பண்ணாம வாழ்ந்தார்னு நாலு பேருக்குத் தெரியணும். அதுக்குத் தரேன்' என்றார். அன்றிலிருந்து யாரிடம் பேசினாலும் அவர் கதையைத்தான் முதலில் சொன்னேன். தத்துவம் பேசியபோது தலையாட்டியவர்கள், இதைக் கேட்டதும் பையைத் திறந்தார்கள். எங்களுக்குப் பணம் தந்தவர்களில் பாதிப் பேராவது கடவுளைக் கும்பிடுகிறவர்கள். உங்கள் படத்துக்கும் இப்படித்தான் வரும் என்று நம்புகிறேன்.

இது புது வழியும் இல்லை. 1976இல் வந்த 'மந்தன்' படத்துக்குக் குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டார்கள். கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவர் நண்பர்களும் ஒடேசா என்ற குழுவை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடம் காசு வாங்கி 1986இல் 'அம்ம அறியான்' படத்தை முடித்தார்கள். நாங்களும் எடுத்த காட்சிகளில் கொஞ்சத்தை வெட்டி ஒட்டி, நூலகங்களிலும் தொழிற்சங்க அலுவலகங்களிலும் போட்டுக் காட்டினோம். இணையத்தில் கேட்டு வந்ததைவிட அங்கே வந்ததுதான் அதிகம்.

பணம் கொடுத்த பலர், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கோழைகள் என்று நினைக்காதீர்கள். மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் காலை நடை போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். 2015இல் இடதுசாரித் தலைவர் கோவிந்த் பன்சாரேயும் கன்னட அறிஞர் கல்புர்கியும் அதேபோலக் கொல்லப்பட்டார்கள். 2017 மார்ச்சில் கோவையில் கடவுள் மறுப்பு பேசியதற்காக ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். அரசு வேலையில் இருப்பவரும் வாடகை வீட்டில் இருப்பவரும் யோசிப்பது நியாயம்தான். பெயர் இல்லாத அந்தப் பட்டியலைக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இப்போது அந்த வெளிநாட்டுக் காசு விஷயம். டொரன்டோவில் இருக்கும் ஒரு நண்பர் நல்ல தொகை அனுப்பத் தயாராக இருந்தார். கனடா குடியுரிமை வாங்கியவர். வெளிநாட்டு நன்கொடைகளைக் கட்டுப்படுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி அவர் வெளிநாட்டவர்தான். இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படியே. உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் இப்படியொரு படத்துக்கு அவரிடம் நன்கொடை வாங்கக் கூடாது என்று ஆடிட்டர் சொன்னார். வேண்டாம் என்றோம். அவருக்கு வருத்தம், எங்களுக்கு அதைவிட வருத்தம். துபாயில் வேலை பார்க்கும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நண்பரிடம் வங்கி வழியாக வாங்கினோம். சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம் ஆகாது, அதற்குத் தடை இல்லை. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த பிறகும் 'எந்த நாட்டுக் காசு' என்று கேட்டால் கோபம் வராமல் என்ன செய்யும்?

பணம் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். எங்கள் எடிட்டர் ஒரு தொலைக்காட்சிக்கு மாதக்கணக்கில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தார். அந்தச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. கேட்டால் 'அக்கவுன்ட்ஸ்ல போட்டாச்சு' என்பார்கள். நிகழ்ச்சித் தொகுப்பாளருக்குத் தேதி தவறாமல் போகிறது. எடிட்டருக்கும் சவுண்ட் ரெக்கார்டிஸ்டுக்கும் மட்டும் ஏன் இழுத்தடிக்கிறார்கள்? தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கொள்கைப் படம் என்பதற்காக யாரையும் சும்மா வேலை வாங்காதீர்கள். நாங்கள் படப்பிடிப்பு நடந்த அன்றே எல்லோருக்கும் பேட்டா கொடுத்தோம். சம்பளம் குறைவுதான், ஆனால் பாக்கி இல்லை.

பட்ஜெட் போடும்போது வக்கீல் செலவுக்கு ஒரு தொகை ஒதுக்குங்கள். மத உணர்வைப் புண்படுத்தியதாகப் புகார் கொடுப்பது யாருக்கும் சுலபம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பிரிவு 295ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 299. வேண்டுமென்றே, கெட்ட நோக்கத்தோடு செய்திருந்தால்தான் குற்றம் என்று பிரிவிலேயே இருக்கிறது. ஆனால் அப்படி நோக்கம் இல்லை என்று நிரூபிக்கும்வரை நீங்கள்தான் அலைய வேண்டும். பொதுத் திரையிடலுக்குச் சான்றிதழ் வேண்டும். தணிக்கைக்கு எதிராக மேல்முறையீடு செய்யத் தீர்ப்பாயம் ஒன்று இருந்தது. அதை 2021இல் கலைத்துவிட்டார்கள், இப்போது உயர் நீதிமன்றம்தான். விழாக்களில் காட்டுவதுகூட எப்போதும் எளிதில்லை. தபோல்கர் கொலையைப் பேசும் ஆவணப்பட இயக்குநர் ஆனந்த் பட்வர்தனின் 'விவேக்' படத்தை 2019இல் கேரள ஆவணப்பட விழாவில் காட்டக் கேரள உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கடைசியாக ஒன்று. உங்கள் சேமிப்புக் கணக்கின் யூ.பி.ஐ. எண்ணைப் போட்டு இன்றே பணம் கேட்கத் தொடங்கிவிடாதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து அன்பளிப்பாக வருவது ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால், மொத்தத்துக்கும் வருமான வரி உண்டு. லாபத்தில் பங்கு தருகிறேன் என்று பொதுவில் அறிவிப்பதும் வேண்டாம், பங்குச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செபி அமைப்பின் விதிகள் குறுக்கே வரும். முதலில் ஓர் ஆடிட்டரைப் பார்த்து, படத்தின் பெயரில் நடப்புக் கணக்கு திறந்து, ரசீதுப் புத்தகம் அச்சடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் கேட்கத் தொடங்குங்கள்.